மூன்று கையெழுத்து

அரசும் தனியார் நிறுவனமும் விவசாயியும் கைகோத்தால்தான் இனி வேளாண்மை பிழைக்கும் என்று மேடைதோறும் பேசுகிறார்கள். இப்போதுதான் திறந்த வழி என்பது போன்ற பேச்சு அது. நான் தென்பெண்ணைக் கரையில் ஆலைக்கரும்பு போட்ட வீட்டில் பிறந்தவள். எனக்கு விவரம் தெரிந்த நாளிலேயே அந்த மூன்று தரப்பும் எங்கள் திண்ணையில்தான் கூடின. அன்றைக்கு அதற்கு மேடை கிடையாது, பதாகை கிடையாது, புகைப்படத்துக்காகக் கைமாறும் ஒப்பந்தக் கோப்பும் கிடையாது. ஆனால் மூன்றில் அரசின் பங்கு எது என்று எங்கள் ஊரில் எந்தச் சம்சாரியைக் கேட்டாலும் விரல் நீட்டிக் காட்டுவார். இன்றைக்கு அதே கேள்வியை யாராவது என்னிடம் கேட்டால் நான் எதைக் காட்டுவேன் என்று பல நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

எண்பதுகளின் தொடக்கம். எங்கள் மாவட்டத்துக்கு அப்போது தென்னாற்காடு என்று பெயர். நடவு முடிந்ததும் ஆலையின் பீல்டுமேன் சைக்கிளில் வருவார். கேரியரில் தடித்த பதிவேடு இருக்கும். அப்பாவுக்குக் கையெழுத்துப் போட வரும், படிவம் நிரப்ப வராது. அதனால் சர்வே எண், பரப்பு, நடவுத் தேதி எல்லாம் நான் எழுதுவேன். “பாப்பா, ரகம் எழுது. சி.ஓ.சி. அறுநூத்தி எழுபத்தொண்ணு” என்பார் பீல்டுமேன். அவருக்கு மோர் கொண்டுவருவது அம்மாவின் வேலை. குடித்துவிட்டு வரப்பில் இறங்கி, குருத்தை இழுத்துப் பார்த்து, இளங்குருத்துப் புழு இருந்தால் அங்கேயே சொல்லிவிட்டுத்தான் போவார்.

அந்த 671 ரகத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கோவையில் கலப்பு செய்து, கடலூர் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் தேர்ந்தெடுத்து, 1975இல் வெளிவந்த ரகம் அது. சர்க்கரை அதிகம். பத்து மாதத்திலேயே முற்றிவிடும். ஆலைக்காரர்களுக்கு அது வரம். அதை உருவாக்கியது எந்த ஆலையும் இல்லை. கோவையில் 1912இல் தொடங்கிய கரும்பு இனப்பெருக்க நிலையம் அரசுப் பணத்தில் நடந்தது. அங்கே பார்பர் என்ற விஞ்ஞானியும் அவருக்குப் பின் டி.எஸ். வெங்கட்ராமனும் நாட்டில் விளைந்த தடித்த கரும்பையும் ஆற்றோரத்துப் பேய்க்கரும்பையும் சேர்த்துக் கலப்பு செய்தார்கள். 1918இல் வெளிவந்த கோ 205 அப்படிப் பிறந்ததுதான். பிறகு 1932இல் வெளிநாட்டுச் சர்க்கரைமீது காப்புவரி போட்டு உள்நாட்டு ஆலைகளுக்கு அரசு நிழல் கொடுத்தது. ஆலைகள் மளமளவென்று எழுந்தது அதற்குப் பிறகுதான். விதை அரசுடையது, சந்தைப் பாதுகாப்பு அரசுடையது, இயந்திரம் முதலாளியுடையது, நிலமும் உழைப்பும் தண்ணீரும் எங்களுடையவை. இதற்கு மேல் ஒரு கூட்டு முயற்சிக்கு என்ன வேண்டும்?

1966இல் வந்த கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை இந்த உறவுக்குச் சட்ட வடிவம் தந்தது. இந்த ஊர்க் கரும்பு இந்த ஆலைக்கு என்று கோடு போட்டார்கள். கோட்டுக்குள் இருப்பவர் வேறு ஆலைக்கு அனுப்ப முடியாது. அதே நேரத்தில் பதிவு செய்த கரும்பை எடுத்துக்கொள்ள வேண்டிய கடமை ஆலைக்கு உண்டு. கரும்பு வந்து சேர்ந்த 14 நாளுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் ஆண்டுக்கு 15 சதவீத வட்டி. இந்த இரண்டு எண்களும் எங்கள் ஊரில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் மனப்பாடம். குறைந்தபட்ச விலையை மத்திய அரசு சொல்லும், அதற்கு மேல் ஒரு விலையை மாநில அரசு பரிந்துரைக்கும். பரிந்துரை என்றுதான் பெயர். ஆனால் ஆலைகள் அதைக் கொடுத்துவந்தன, ஏனென்றால் கோட்டையில் இருந்தவர்கள் அதை வாங்கிக் கொடுப்பதைத் தங்கள் வேலை என்று நினைத்தார்கள்.

அப்புறம் கடன் படிவம். முத்தரப்புக் கடன் என்பார்கள். நாட்டுடைமை வங்கி பணம் தரும். ஆலை பொறுப்பேற்கும். விவசாயி வாங்கி உரத்துக்கும் கரணைக்கும் கூலிக்கும் செலவழிப்பார். கரும்பு வெட்டியதும் ஆலை தன் பட்டியலில் கடனைப் பிடித்துக்கொண்டு வங்கிக்குக் கட்டிவிட்டு மீதியை எங்களுக்குத் தரும். படிவத்தின் அடியில் மூன்று கையெழுத்து. அப்பா தன் பெயரை எழுதி முடிக்கும்வரை வங்கி மேலாளரும் கரும்பு அலுவலரும் பேனாவை மூடிக் காத்திருப்பார்கள். வட்டிக்கடைக்குப் போகாமல் எங்கள் அக்கா இருவருக்கும் கல்யாணம் நடந்ததும், நான் பள்ளிக்கூடம் தாண்டிப் படித்ததும் அந்தப் பட்டியல் பணத்தில்தான். கரும்புப் பணம் மொத்தமாக வரும், நாள் தப்பாமல் வரும். நெல்லில் அந்த நிம்மதி எங்களுக்குக் கிடைத்ததில்லை.

அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று நான் சொல்லமாட்டேன். வெட்டு உத்தரவுக்காக அப்பா கோட்ட அலுவலகத்தில் காத்துக்கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன். பெரிய பண்ணைக்கு முதலில் உத்தரவு வரும், இரண்டு ஏக்கர்க்காரருக்குச் சித்திரை வெயிலில் வரும். அதற்குள் கரும்பு காய்ந்து எடை போய்விடும். வண்டிகள் ஆலை வாசலில் இரவு பகலாக நிற்கும். சோகை, வேர், மண் என்று கழிவு பிடிப்பதை யாரும் எதிர்த்துக் கேட்க முடியாது. ஊரில் வெல்லம் காய்ச்சிய கொப்பரைகள் ஒவ்வொன்றாகக் கவிழ்ந்தன. ஆலைக்குப் பதிந்த கரும்பை வெல்லத்துக்கு ஆட்டினால் வழக்கு வரும் என்ற பயம். அந்த ஏற்பாட்டில் நாங்கள் சமமான பங்காளிகளாக இருந்தோம் என்று சொன்னால் அது பொய். ஆனால் சண்டை வந்தால் போய் நிற்க ஓர் இடம் இருந்தது. ஆலை எடை குறைக்கிறது என்று ஊர் திரண்டபோது வருவாய்த்துறை அதிகாரி நேரில் வந்து எடைமேடையில் நின்றார். அதை நான் பார்த்திருக்கிறேன்.

இந்தக் கூட்டு எப்படி நடக்க வேண்டும் என்பதற்கு என் கண்முன் நடந்த ஒரு சாட்சி இருக்கிறது. 2002இல் மகாராஷ்டிரத்திலும் கர்நாடகத்திலும் கரும்பில் பஞ்சு அசுவினி பரவியது. அடுத்தடுத்து நம் பக்கமும் வந்துவிட்டது. அப்போது அப்பா படுக்கையில், நிலம் என் பொறுப்பில். ஒருநாள் காலையில் தோட்டத்துக்குள் போனால், தோகையின் அடிப்பக்கம் முழுக்க வெள்ளை அப்பியிருக்கிறது. அந்தப் பூச்சி சுரக்கும் தேன் போன்ற பசை கீழ்த்தோகைகளில் சொட்டி, அதன்மேல் கரும்பூசணம் படர்ந்து, தோட்டமே கரி பூசியதாகக் கிடந்தது. எல்லோரும் மருந்துக்கடைக்கு ஓடினோம். எட்டு மாதக் கரும்புக்குள் தெளிப்பானோடு நுழைய முடியுமா? சால் தெரியாது, மூச்சு முட்டும்.

அப்போது ஆராய்ச்சி நிலையத்திலிருந்து பூச்சியியல் விஞ்ஞானி ஒருவர் வந்தார். ஆலையின் பீல்டுமேனும் கூட வந்தார். முன்பு வந்தவர் அல்ல, அவருக்குப் பிறகு வந்தவர். விஞ்ஞானி தோட்டத்துக்குள் குனிந்தே போய், வெகுநேரம் கழித்து ஒரு தோகையை ஒடித்துக்கொண்டு வெளியே வந்தார். “மருந்து அடிச்சிடாதீங்கம்மா. இதைத் தின்கிற புழு வந்தாச்சு, பாருங்க” என்று காட்டினார். அசுவினிக் கூட்டத்துக்குள் வலை பின்னிக்கொண்டு ஒரு சின்னப் புழு இருந்தது. டைபா என்ற அந்துப்பூச்சியின் புழு அது. மருந்தடித்தால் முதலில் சாவது அதுதான் என்றார்.

அதன்பிறகு நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் மனம் நிறைகிறது. டைபா பெருகியிருக்கும் தோட்டங்களிலிருந்து தோகைத் துண்டுகளை வெட்டி, பூச்சி தாக்கிய மற்றத் தோட்டங்களில் கொண்டுபோய்க் கட்டினோம். ஆலை ஜீப் கொடுத்தது. தன் ஆய்வகத்தில் முட்டை ஒட்டுண்ணி அட்டை தயாரித்த பெண்களை இந்த வேலைக்குத் திருப்பிவிட்டது. நிழல்வலைக் கூண்டு கட்டி டைபாவை வளர்க்கும் முறையை ஆராய்ச்சி நிலையம் சொல்லிக்கொடுத்தது. எந்த வரப்பில் எவ்வளவு தாக்குதல் என்று தினமும் சொன்னது நாங்கள். வடகிழக்கிலிருந்து என்கார்சியா என்ற நுண்ணிய குளவியையும் தென்னாட்டுக்குக் கொண்டுவந்து விட்டார்கள். ஓரிரு பருவத்தில் அந்தப் பூச்சி அடங்கியது. விஞ்ஞானிக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாது, எனக்குத் தெரிந்த வரப்பு அவருக்குத் தெரியாது, எங்கள் இருவரிடமும் ஜீப் இல்லை. மூவரும் கொடுத்தோம், மூவருக்கும் பிழைப்பு மிஞ்சியது. யாரும் யாரிடமும் எதையும் மறைக்கவில்லை.

671 ரகமும் அதற்குள் ஓய்ந்திருந்தது. செவ்வழுகல் நோய் அதைத் தின்றுவிட்டது. தண்டைப் பிளந்தால் உள்ளே சிவந்து, குறுக்கே வெள்ளைத் திட்டோடு, புளித்த வாடை அடிக்கும். நல்லவேளையாக அதன் பிள்ளை தயாராக இருந்தது. 671ஐ ஒரு பெற்றோராக வைத்துக் கோவையில் பிறந்த கோ 86032 ரகம் 2000இல் தீபகற்பப் பகுதி முழுவதற்கும் வெளியிடப்பட்டது. தமிழ்நாட்டு ஆலைகள் அடுத்து வந்த காலம் முழுக்க அரைத்ததில் பெரும்பங்கு அந்த ஒரே ரகம். ஒரு ரகத்தைக் கலப்பு செய்து, விதைத்து, கழித்து, சோதித்து வெளியிடப் பத்துப் பன்னிரண்டு வருடம் பிடிக்கும். அத்தனை வருடமும் பொறுத்திருந்தது பொதுப்பணம்.

மாற்றம் ஒரே நாளில் வரவில்லை. எங்களுக்குத் தெரியாத கோப்புகளில், எங்களுக்குப் புரியாத எண்களில் வந்தது. 1998இல் சர்க்கரைத் தொழிலுக்கு உரிமம் வாங்கும் முறையை எடுத்தார்கள். அது நல்லதென்றே வைத்துக்கொள்வோம். ஆலைக்கு லாபம் கூடினால் அதில் ஒரு பங்கை விவசாயிக்குத் தர வேண்டும் என்ற 5ஏ பிரிவு கட்டுப்பாட்டு ஆணையில் இருந்தது. 2009இல் ‘நியாயமான, ஆதாய விலை’ என்ற புதிய பெயரோடு வேறு கணக்கு வந்தபோது அந்தப் பிரிவை நீக்கிவிட்டார்கள்.

அதைவிட எனக்கு ஆறாத விஷயம் சர்க்கரைக் கட்டுமானக் கணக்கு. நூறு கிலோ கரும்பில் எத்தனை கிலோ சர்க்கரை கிடைக்கிறதோ அதுதான் கட்டுமானம். அறிவிக்கும் விலை ஒரு குறிப்பிட்ட கட்டுமானத்துக்கு. அதற்கு மேல் போனால் விலை கூடும், கீழே போனால் குறையும். நான் படிவம் எழுதிய காலத்தில் அந்த அடிப்படை 8.5 சதவீதம். 2005-06இல் 9 ஆனது. 2009-10இல் 9.5. 2018-19இல் 10. 2022-23இலிருந்து 10.25. வடக்கே உத்தரப்பிரதேசத்தில் புதிய ரகங்களால் கட்டுமானம் ஏறியது உண்மை. எங்கள் வெப்பத்தில், எங்கள் கிணற்று உப்புத் தண்ணீரில் அது ஏறவில்லை. 2024-25 பருவத்துக்குக் குவிண்டாலுக்கு 340 ரூபாய் என்று தலைப்புச் செய்தி வந்தது. அதாவது டன்னுக்கு 3,400. கட்டுமானம் 9.5க்குக் கீழே இருந்த எங்களுக்குச் சட்டப்படி அந்த விலை 3,151தான். செய்தியை வாசித்துவிட்டு வெளியூர்ச் சொந்தங்கள் போன் செய்து சந்தோஷப்பட்டார்கள். அவர்களுக்கு இந்தக் கணக்கை விளக்கி முடிக்க முடியவில்லை.

கட்டுமானத்தை அளப்பது யார்? ஆலைதான். அதுவும் என் கரும்புக்குத் தனியாக அல்ல, ஆலைக்கு வந்த மொத்தக் கரும்புக்கும் சராசரியாக. நான் சோகை உரித்து, விட்டம் கட்டி, சாயாமல் காத்து, பன்னிரண்டாம் மாதம் சரியாக முற்றிய கரும்பை அனுப்பினாலும் எனக்கு அதே விலை. வெட்டிய கரும்பை மூன்று நாள் வெயிலில் போட்டு அனுப்பினாலும் அதே விலை. ஆலைக்குள் இயந்திரம் பழுதாகிக் கரும்பு காய்ந்து சர்க்கரை இறங்கினால் அந்த நட்டத்தில் எங்களுக்கும் பங்கு. சக்கையில் எடுக்கும் மின்சாரத்திலும், கழிவுப்பாகில் எடுக்கும் எரிசாராயத்திலும் பங்கு உண்டா என்றால், மத்திய அரசு அமைத்த ரங்கராஜன் குழு 2012இல் சொன்னதைத்தான் திருப்பிச் சொல்ல வேண்டும். சர்க்கரையும் உபபொருளும் சேர்ந்த வருமானத்தில் 70 சதவீதம் கரும்புக்கு என்றது அந்தக் குழு. ஆலைக் கோடுகளை மெல்ல மெல்ல எடுத்துவிடவும் சொன்னது. சர்க்கரை விற்பனையில் அரசுக் கட்டுப்பாட்டைத் தளர்த்த வேண்டும் என்று அதே குழு சொன்னது 2013இல் நடந்துவிட்டது. ரேஷனுக்காகக் குறைந்த விலையில் ஆலைகள் அரசுக்கு லெவிச் சர்க்கரை தர வேண்டிய கடமை போயிற்று. எங்கள் கோடு அப்படியே கிடக்கிறது.

2013-14 பருவத்திலிருந்து தனியார் ஆலைகள் மாநிலப் பரிந்துரை விலையைத் தர முடியாது என்று நின்றன. மத்திய அரசின் விலையை மட்டும் கொடுத்துவிட்டு வித்தியாசத்தை நிறுத்தின. சர்க்கரை விலை சரிந்திருந்தது, ஆலைகளுக்கும் நெருக்கடி என்பது பொய்யில்லை. ஆனால் நெருக்கடி வந்தால் மூவரும் அல்லவா தாங்க வேண்டும்? பருவத்துக்குப் பருவம் நிலுவை ஏறியது. நாங்கள் ஆலை வாசலில் உட்கார்ந்தோம், ஆட்சியர் அலுவலகத்தில் உட்கார்ந்தோம், சென்னைக்குப் போனோம். 2018இல் தமிழ்நாட்டில் புதிய சட்டம் வந்து, பரிந்துரை விலை போய் வருவாய்ப் பங்கீடு வந்தது. இன்றைக்கு விலைக் குறைவை ஈடுகட்ட மாநில அரசு கருவூலத்திலிருந்து ஊக்கத்தொகை தருகிறது. 2024-25 பருவத்துக்கு டன்னுக்கு 349 ரூபாய். 3,151ஓடு சேர்த்தால் 3,500. அந்தப் பணம் நேராக எங்கள் வங்கிக் கணக்குக்கு வருகிறது, அது எங்களுக்கு உயிர்த்தண்ணீர், அதைக் கொடுப்பவர்களுக்கு நான் நன்றியோடு இருக்கிறேன். இருந்தாலும் இதைச் சொல்லியாக வேண்டும். முன்பு அரசு ஆலையைப் பார்த்து ‘நீ கொடு’ என்று சொன்ன தொகையை இன்று மக்கள் வரிப்பணத்திலிருந்து தானே கொடுக்கிறது. கரும்பு போவது ஆலைக்கு.

அந்தக் கெட்ட வருடங்களில்தான் எனக்கு வங்கியிலிருந்து நோட்டீஸ் வந்தது. முத்தரப்புக் கடன் தவணை கட்டவில்லை, வட்டியோடு இவ்வளவு என்று. பட்டியலைத் தேடி எடுத்தேன். கடனுக்கென்று ஆலை பிடித்தது தெளிவாக அச்சாகியிருக்கிறது. பட்டியலை எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போனேன். மேலாளர் வடநாட்டுப் பிள்ளை, தமிழ் பழகிக்கொண்டிருந்தார். “அம்மா, ஆலை பிடிச்சாங்க, சரி. இங்க கட்டல. எங்க கம்ப்யூட்டர்ல உங்க பேர்தான் இருக்கு” என்றார். ஆலையில் கேட்டால், “எங்களுக்கே பணம் சிக்கல்ல இருக்கு, வந்ததும் கட்டிடுவோம்மா” என்றார்கள். ஆலை போட்ட கையெழுத்து எங்கே போயிற்று என்று கேட்டேன். படிவத்தில் பத்திரமாகத்தான் இருந்தது. ஆனால் நோட்டீஸ் அந்தக் கையெழுத்துக்கு வரவில்லை.

இது என் ஒருத்தி கதை இல்லை. தஞ்சாவூர்ப் பக்கம் திருமண்டங்குடியில் ஆலை நொடித்துக் கைமாறியபோது, தங்கள் பெயரில் வாங்கப்பட்ட கடன் தங்கள் தலையில் விடிந்ததென்று விவசாயிகள் 2022 நவம்பரிலிருந்து ஆலை வாசலில் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். அவர்களில் பலர் கடன் பணத்தைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை என்றார்கள். புதிய முதலாளி ஆலையை வாங்கும்போது இயந்திரத்துக்கு மதிப்புப் போட்டார்கள், நிலத்துக்கு மதிப்புப் போட்டார்கள். கரும்பு கொடுத்தவனின் பாக்கி வரிசையில் கடைசியில் நின்றது. என் சிக்கல் ஒருவழியாகத் தீர்ந்தது. ஆனால் அதற்குள் என் சிபில் கணக்கு கெட்டு, நகைக்கடன்கூட முகம் பார்த்துத்தான் கொடுத்தார்கள்.

2011-12இல் தமிழ்நாட்டு ஆலைகள் அரைத்த கரும்பு சுமார் இரண்டரைக் கோடி டன். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் அது ஒரு கோடி டன்னுக்குக் கீழே போய்விட்டது. வறட்சியும் ஒரு காரணம், மறுக்கவில்லை. வெட்டு ஆள் கிடைக்காதது இன்னொன்று. பல ஊரில் வெட்டுக்கூலியே டன்னுக்கு ஆயிரத்தைத் தொட்டு நிற்கிறது. ஆனால் தண்ணீர் இருந்தவர்களும் விட்டார்கள். எங்கள் தெருவில் பாதிப்பேர் சவுக்குக்குப் போய்விட்டார்கள். அங்கேயும் இதே ஏற்பாடுதான். மேட்டுப்பாளையம் அரசு வனக்கல்லூரி உருவாக்கிய கன்று, காகித ஆலையின் கொள்முதல் ஒப்பந்தம், நம் நிலம். நல்ல கன்று, வேகமாக வளர்கிறது. பக்கத்து நிலத்துச் சித்தப்பா ஒப்பந்தத்தை என்னிடம் கொண்டுவந்து, “நீ படிச்சவ, பாரும்மா” என்றார். எடை எங்கே போடுவது, ஈரத்துக்கு எவ்வளவு கழிப்பது, சந்தை விலை உயர்ந்தால் யாருக்கு என்று நான் கேட்ட எதற்கும் அதில் பதில் தெளிவாக இல்லை. கையெழுத்துப் போடும் இடம் மட்டும் தெளிவாகப் பெருக்கல் குறி போட்டுக் காட்டியிருந்தார்கள்.

ஒப்பந்தப் பண்ணையத்துக்கென்று தனிச் சட்டம் கொண்டுவந்த முதல் மாநிலம் நம்முடையது. 2019இல் வந்தது. முன்கூட்டியே பேசிய விலைக்குப் பாதுகாப்பு, பதிவு, தகராறுக்கு வழி எல்லாம் அதில் உண்டு. படித்துப் பார்த்து மகிழ்ந்தவர்களில் நானும் ஒருத்தி. காகிதத்தில் எழுதிய விலை மாறக்கூடாது என்று அரசு சொல்வது சின்ன விஷயம் இல்லை. ஆனால் என் கரும்புப் பட்டியல் மாறக்கூடாது என்றும் 1966லிருந்து சட்டம் இருக்கிறதே. 14 நாள், 15 சதவீதம் இரண்டும் இன்றைக்கும் நடைமுறையில் உள்ள சட்டம்தான். தாமத வட்டியைக் கேட்டு வாங்கிய ஒரு சம்சாரியை எங்கள் வட்டாரத்தில் நான் சந்தித்ததில்லை. சட்டத்தை எழுதுவதோடு அரசின் பங்கு முடிந்துவிட்டால், மிச்ச நாளெல்லாம் ஒரு பக்கம் வக்கீல் வைத்திருக்கும் நிறுவனம், மறுபக்கம் இரண்டு ஏக்கர்.

இப்போது பதிவு செல்பேசியில் நடக்கிறது. பீல்டு ஆபீசர் தம்பி பைக்கில் வந்து, வயலைச் சுற்றி நடந்து, நான்கு மூலையையும் செயலியில் பதிகிறான். பரப்பில் கால் சென்ட்கூடத் தப்பாது. வெட்டு உத்தரவு குறுஞ்செய்தியாக வருகிறது. அதனால் கோட்ட அலுவலகத்தில் நிற்க வேண்டியதில்லை, இது பெரிய விடுதலை. மூன்று பருக் கரணை போய் ஒரு பரு நாற்று வந்திருக்கிறது. ஐந்தடிப் பார், நடுவே உளுந்து ஊடுபயிர். சொட்டுநீருக்குச் சிறு, குறு விவசாயிக்கு அரசு முழு மானியம் தருகிறது. கம்பெனிக்காரர்கள் வந்து குழாய் போட்டுவிட்டுப் போகிறார்கள். தண்ணீர் மிச்சம், களை குறைவு, நான் கண்ணால் பார்த்தது. குழாய் அடைத்துக்கொண்டால் மட்டும் யாரைக் கூப்பிடுவது என்று தெரிவதில்லை. போட்ட கம்பெனியின் ஆள் மாறியிருப்பார், மானியம் கொடுத்த அலுவலகத்தில் ‘அது கம்பெனி வேலை’ என்பார்கள்.

அந்தப் பீல்டு ஆபீசர் தம்பிமேல் எனக்குப் பாசம் உண்டு. என்னை அம்மா என்றுதான் கூப்பிடுவான். வேளாண்மைப் பட்டயம் படித்தவன். ஆலை அவனை நேரடியாக வேலைக்கு வைக்கவில்லை, ஏஜென்சி வழியாகச் சம்பளம். பழைய பீல்டுமேனைப் போல மூன்று மடங்கு ஊர் அவன் தலையில். குருத்தை இழுத்துப் பார்க்க அவனுக்குத் தெரியும், நேரம்தான் இல்லை. படம் எடுத்து அனுப்பிவிட்டு அடுத்த ஊருக்கு ஓடுகிறான். அவனிடம், “ஆராய்ச்சி நிலையத்திலேர்ந்து யாராவது இந்தப் பக்கம் வந்தாங்களா தம்பி?” என்று கேட்டேன். “அங்கயே ஆள் இல்லையாம்மா, பாதி நாற்காலி காலி” என்றான். 86032க்கு அடுத்து எங்கள் மண்ணுக்கென்று நிலைத்து நிற்கப்போகும் ரகம் எது என்ற கவலை எனக்கு இருக்கிறது. அந்த நாற்காலிகளில் யாராவது உட்கார்ந்து பத்துப் பன்னிரண்டு வருடம் பொறுத்திருந்தால்தான் அது வரும். எந்த நிறுவனமும் அவ்வளவு காலம் பொறுக்காது, பொறுக்க வேண்டும் என்று அதனிடம் எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. அது அரசின் வேலை.

இந்தப் பருவமும் நான் பதிவு செய்திருக்கிறேன். கரும்பை விட எனக்கு மனமில்லை, ஆலை ஒழிய வேண்டும் என்ற எண்ணமும் இல்லை. ஆலை நடந்தால்தான் நாங்கள் நடப்போம். ஆனால் இந்த முறை எங்கள் கோட்டத்துக் கரும்புக்காரர்கள் சேர்ந்து, ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் விவசாயிகள் குறைதீர் நாள் கூட்டத்துக்கு ஒரு மனு எழுதியிருக்கிறோம். அரவை தொடங்கும் முன் எங்கள் ஆட்கள் முன்னிலையில் எடைமேடையை முத்திரை ஆய்வாளர் சோதிக்க வேண்டும், பருவம் நடுவே அறிவிப்பில்லாமல் இன்னொரு முறையும் வர வேண்டும். கடனுக்குப் பிடித்த பணம் வங்கியில் விழுந்ததும் எங்கள் செல்பேசிக்கு வங்கியே செய்தி அனுப்ப வேண்டும், பிடித்தபின் கட்டாமல் விட்டால் நோட்டீஸ் ஆலைக்குப் போக வேண்டும். கட்டுமானச் சோதனை நடக்கும்போது அரசு ஆராய்ச்சி நிலையத்தின் ஆள் ஒருவரும் எங்களில் ஒருவரும் பக்கத்தில் நிற்க வேண்டும். தாமத வட்டியை நாங்கள் கேட்காமலே பட்டியலில் சேர்க்க வேண்டும்.

மனுவை வாசித்துக்காட்டியபோது பீல்டு ஆபீசர் தம்பியும் பக்கத்தில் நின்றிருந்தான். கடைசிவரை கேட்டுவிட்டு, “என் பேரு எங்கயும் வர வேணாம்மா. ஆனா எடைமேடையை முதல்ல போடுங்க” என்றான். அதை முதலில் போட்டிருக்கிறோம்.